வீட்டு டிஷ்ஷைத் திருப்பி வானத்தைப் பார்க்கலாமா? குன்னூர் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட்டிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டுக்கு இன்டர்நெட் வந்த பிறகு டி.டி.எச். டிஷ் கூரைமேல் சும்மா கிடக்கிறது. அதை ரேடியோ வானியலுக்குப் பயன்படுத்த முடியுமா? இங்கே வருடத்தில் பாதி நாள் மூடுபனி. அது குறுக்கே வராதா? ஊட்டி முத்தோரையில் இருக்கும் பெரிய தொலைநோக்கி பார்ப்பதில் கொஞ்சமாவது இதில் தெரியுமா?”

தம்பி, முடியும். நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த வேலையில் முடியும். அந்த டிஷ் ஏற்கெனவே ஒரு நல்ல ரேடியோ தொலைநோக்கிதான். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மிக மெல்லிய அலையைப் பிடித்து, அதிகம் இரைச்சல் சேர்க்காமல் பெருக்கித் தருவதற்கென்றே செய்த கருவி அது. இத்தனை நாளும் ஒரே ஒரு செயற்கைக்கோளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றது. திசையைத் திருப்பி, படம் வருகிறதா என்று பார்ப்பதை விட்டு, வரும் அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளக்கத் தொடங்குங்கள். பாதி வேலை முடிந்தது.

எது தெரியும், எது தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரியன் நிச்சயம் தெரியும். முதல் நாளே தெரியும். நிலா, பொறுமை இருந்தால் தெரியும். பால்வீதியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அந்தச் சின்ன டிஷ் சரிப்படாது. அதற்கு வேண்டிய பெரிய டிஷ்ஷும் நம் மலை ஊர்களிலேயே கிடைக்கும், பிறகு சொல்கிறேன். பல்சார் (துடிப்பு துடிப்பாக அலை அனுப்பும் விண்மீன்), குவேசார் (மிகத் தொலைவில் பிரகாசிக்கும் விண்மீன் மண்டல மையம்) ஆகியவற்றை எதிர்பார்க்க வேண்டாம். வியாழன் கோளின் ரேடியோ வெடிப்புகளைக் கேட்க வேண்டுமென்றால் டிஷ்ஷே தேவையில்லை. அவை 20 மெகாஹெர்ட்ஸ் அருகே பலமாக வருகின்றன, கம்பங்களுக்கு நடுவே கட்டிய கம்பி ஆன்டெனா போதும்.

மூடுபனிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மலைக்காரர்களுக்கு அதுதான் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பனித்துளி அதைவிடப் பெரியது, அதனால் ஒளியைச் சிதறடித்து மறைத்துவிடுகிறது. உங்கள் டிஷ் வாங்கும் அலையின் நீளமோ சுமார் 2.7 சென்டிமீட்டர். அந்த அலைக்கு நடுவே ஒரு பனித்துளி கணக்கிலேயே வராது. கனமழைத் துளி மட்டும் சில மில்லிமீட்டர் அளவு இருப்பதால் கொஞ்சம் விழுங்கும், பெருமழையில் டி.வி. படம் உடைந்து நின்றுபோவது அதனால்தான். ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலைக்கு மழையும் ஒரு பொருட்டல்ல. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், நடுவட்டம் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் உங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் வாரக்கணக்கில் நட்சத்திரமே தெரியாமல் போவது நமக்குப் பழகிய விஷயம். கண்ணாடித் தொலைநோக்கி வாங்கி வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் அதைத் துணி போட்டு மூடிவைக்கத்தான் வேண்டும். ரேடியோவில் அந்தக் கவலை இல்லை. மலையில் இருப்பவர்களுக்குப் பொருத்தமான வானியல் இதுதான் என்பது என் திடமான கருத்து. இன்னொரு வசதியும் இருக்கிறது: மடிப்பு மடிப்பான மலைகள், சமவெளி நகரங்களின் ரேடியோ இரைச்சலில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றன. பள்ளத்தாக்கில் இருக்கும் வீடு இதற்கு உச்சியில் இருக்கும் வீட்டைவிட நல்லது.

பழைய டிஷ்ஷை வைத்துக்கொண்டு என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று யாராவது சொன்னால், இந்தியாவில் ரேடியோ வானியல் எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் சூரியனைப் பார்க்க வைத்திருந்த 32 டிஷ்கள், ஒவ்வொன்றும் ஆறடி விட்டம், அங்கே வேலை முடிந்து ஓய்ந்துபோயின. 1950-களில் அங்கே பயிற்சி பெற்ற இந்திய விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் அவற்றை இந்தியாவுக்குக் கேட்டார்; கொடுத்தார்கள். அவர் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, அதே 32 டிஷ்களை பம்பாய்க்கு அருகே கல்யாணில் வரிசையாக நிறுத்தி, 1965-இல் 610 மெகாஹெர்ட்ஸில் சூரியனை ஆராயத் தொடங்கினார்கள். ஒரு நாட்டில் வேலை முடிந்த டிஷ்கள் இன்னொரு நாட்டில் ஓர் அறிவியல் துறைக்கே அடித்தளம் ஆயின. அந்தக் குழுதான் அடுத்து முத்தோரைக்கு வந்தது. அங்கிருந்து புனே அருகே தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்களைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கி வரை போனது.

சரி, உங்கள் கூரைக்கு வருவோம். முதலில் டிஷ்ஷை அளவெடுங்கள். அது வட்டமாக இருக்காது. அகலத்தைவிட உயரம் கொஞ்சம் அதிகமாக இருக்கும். டிஷ் குவிக்கும் அலையை வாங்கிப் பெருக்கும் சிறு பெட்டியான எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே ஒரு கையின் முனையில் நிற்கும். இதனால் டிஷ்ஷின் முகம் பார்க்கும் திசையும், அது உண்மையில் பார்க்கும் திசையும் வேறு வேறு. அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 65 என்றால், அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு எந்தக் கோணத்தின் கொசைன் சரியாக வருகிறது என்று பாருங்கள்: 22.6 டிகிரி. அதாவது டிஷ்ஷைச் சுவர்போல நேராக நிறுத்தினாலும் அது அடிவானத்துக்கு மேல் 22.6 டிகிரி உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிஷ்ஷின் முகத்தைச் சூரியனுக்கு நேராகக் காட்டிவிட்டு, எதுவும் வரவில்லை என்று கழற்றி வைத்தவர்கள் பலர்.

குறி பார்க்க நான் கையாளும் வழி இது. கண்ணாடிக் கடையில் கழிவாகப் போடும் மெல்லிய முகக்கண்ணாடித் துண்டுகளில், விரல் நகத்தளவு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷின் மேல் ஓரத்தில் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, வளைவோடு ஒட்டினாற்போல் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள். வெயிலில் டிஷ்ஷை மெல்லத் திருப்பும்போது மூன்று ஒளிப்பொட்டுகளும் எல்.என்.பி.யைச் சுற்றி அலையும். டிஷ் சூரியனுக்கு நேராக வர வர அவை ஒன்றையொன்று நெருங்கும். மூன்றும் எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடியில் ஒன்றாக விழுந்தால் டிஷ் சூரியனைத் துல்லியமாகப் பார்க்கிறது. ஏன் அப்படி என்றால், பரவளைய வடிவத்தின் எந்தப் புள்ளியில் பட்டாலும், அச்சுக்கு இணையாக வரும் கதிர் குவியத்துக்குத்தான் போகும்; ஒளிக்கும் அதே விதி, ரேடியோ அலைக்கும் அதே விதி. துண்டுகள் சிறியதாகவே இருக்கட்டும். டிஷ் முழுவதும் பளபளப்பான தாளை ஒட்டிவிட்டால் குவியும் வெயில் எல்.என்.பி.யை உருக்கிவிடும். எக்காரணம் கொண்டும் அந்த வெளிச்சத்தைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள்.

அடுத்தது அளவி. டிஷ் மாட்ட வருபவர்கள் கையில் வைத்திருக்கும், முள்ளும் ‘கீ’ என்ற ஒலியும் உள்ள சிறிய சாட்டிலைட் ஃபைண்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எல்.என்.பி.யிலிருந்து வரும் கேபிளை அதன் ஒரு பக்கமும், செட்-டாப் பாக்ஸுக்குப் போகும் கேபிளை மறுபக்கமும் மாட்டுங்கள். பழைய செட்-டாப் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதிலிருந்துதான் கேபிள் வழியே மேலே போகிறது.

டிஷ்ஷை செயற்கைக்கோள்கள் இல்லாத வெறும் வானத்துக்குத் திருப்புங்கள். வட வானம் பாதுகாப்பானது. ஃபைண்டரின் திருகியை முள் லேசாக எழும்பும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது உங்கள் உள்ளங்கையை எல்.என்.பி.யின் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். முள் சட்டென்று ஏறும். கையை எடுங்கள், இறங்கும். தம்பி, இதைச் செய்யும்போது நீங்கள் பார்ப்பது உங்கள் உடல் வெப்பம் வெளிவிடும் ரேடியோ அலையை. வெப்பம் உள்ள எந்தப் பொருளும் ரேடியோ அலையை உமிழ்கிறது: சுவர், தேயிலைச் செடி, மலைச்சரிவு எல்லாமே. வெறும் வானம்தான் குளிர்ந்தது. எங்கள் பகுதிப் பள்ளி மாணவர்களுக்கு இதைக் காட்டும்போதெல்லாம் அவர்கள் முதலில் நம்புவதில்லை. பிறகு ஒவ்வொருவரும் தம் கையை வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் கற்பது மிகப் பெரிது.

பிறகு சூரியனுக்குத் திருப்புங்கள். முள் ஏறும். ஆனால் உள்ளங்கை அளவுக்கு ஏறாமல் போகலாம். காரணம் எளிது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ 3 டிகிரி அகலம். சூரியனின் அகலம் அரை டிகிரி. அந்தப் பார்வை வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் அது நிரப்புகிறது. உள்ளங்கையோ எல்.என்.பி.யின் கண்ணை முழுக்க மறைத்துவிடுகிறது.

இதை வைத்தே சூரியனின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். ஃபைண்டரின் முள் சீரான அளவுகோல் அல்ல, ஏ.டி.8317 போன்ற, அலையின் பலத்தை அளக்கும் டிடெக்டர் பலகை ஒன்றை ஆர்டுவினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைத்தால் நம்பும்படியான எண் கிடைக்கும். உதாரணத்துக்கு, வெறும் வானத்துக்கு வரும் திறனை 1 என்று வைத்துக்கொள்வோம். கைக்கு 4 வருகிறது, சூரியனுக்கு 2.5 வருகிறது. கை சுமார் 300 கெல்வின் (செல்சியஸ் அளவோடு 273-ஐக் கூட்டினால் வருவது கெல்வின்), இந்த அலைநீளத்தில் வெறும் வானம் சுமார் 10 கெல்வின். கருவியின் சொந்த இரைச்சல் ‘க’ என்றால், (300 + க) என்பது (10 + க)-இன் 4 மடங்கு. தீர்த்தால் ‘க’ சுமார் 87. அப்படியானால் வெறும் வானத்தில் மொத்தம் 97 கெல்வின், சூரியனில் அதன் இரண்டரை மடங்கான 242. வித்தியாசம் 145. சூரியன் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் நிரப்பியது என்பதால் 50-ஆல் பெருக்குங்கள்: 7,250. டிஷ் பிடிப்பதில் 65 சதவீதம்தான் அந்த மையப் பார்வையிலிருந்து வருகிறது என்று கொண்டால் சுமார் 11,000 கெல்வின். சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு வெறும் 5,800 கெல்வின்தானே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இந்த அலைநீளத்தில் நமக்கு வருவது அந்த மேற்பரப்பிலிருந்து அல்ல, அதற்கு மேலே இருக்கும் குரோமோஸ்பியர் என்ற அடுக்கிலிருந்து. அது இன்னும் சூடானது. கூரையில் கிடந்த டிஷ்ஷைக் கொண்டு சூரியனின் வளிமண்டலத்தில் உயரே போகப் போகச் சூடு கூடுகிறது என்பதை நீங்களே அளந்துவிட்டீர்கள்.

இந்த அளவீட்டை நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதி வைப்பதுதான் உண்மையான வேலை. கரும்புள்ளிகள் பெருகும் காலத்தில் சூரியனின் ரேடியோ பலமும் கூடும். கனடாவில் 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் 1947-இலிருந்து இதை அன்றாடம் அளந்து வருகிறார்கள். உங்கள் எண்களை அதோடு ஒப்பிடலாம். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் எடுத்த சூரியப் படங்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கின்றன. சூரியக் கரும்புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளியே வழிந்தோடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். பழனி மலையில் ஒளியில் பார்த்ததை நீலகிரி மலையில் ரேடியோவில் பார்ப்பது நல்ல தொடர்ச்சி.

டிஷ்ஷைத் தொடாமலேயே சூரியனைப் பார்க்க வருடத்தில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கிறது. நீலகிரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, அடிவானத்துக்கு மேல் சுமார் 66 டிகிரி உயரம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சூரியன் நேராக அந்தச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். அப்போது சில நிமிடங்கள் படம் உறைந்துபோகலாம். வீட்டில் டிஷ் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்ப்பார்கள். அது பழுதல்ல, சூரியனின் ரேடியோ அலை செயற்கைக்கோளின் குரலை அமுக்கிவிட்டது. பக்கத்து வீட்டில் இன்னும் டி.டி.எச். வைத்திருந்தால் அந்த நாட்களில் சிக்னல் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து, தரம் எப்படி இறங்கி ஏறுகிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துப் பாருங்கள்.

மற்ற நாட்களில் சூரியனைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் முத்தோரையின் உத்தியையே வீட்டில் செய்யலாம். அந்தத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பரவளைய உருளை. வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகையான ஏறத்தாழ 11 டிகிரிக்குச் சமம். அதனால் உருளையின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்கே திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம்வரை பின்தொடரலாம். இப்படி ஒரு சரிவைத் தேடித்தான் ஸ்வரூப் குழுவினர் இந்த மலைக்கு வந்தார்கள். 1970-இல் தொலைநோக்கி வேலைக்கு வந்தது. நீங்கள் ஒரு மீட்டர் நீள ஜி.ஐ. குழாயைத் துருவ நட்சத்திரத்தின் திசையில் வடக்கு தெற்காகப் படுக்கவைத்து, வடக்கு முனையைத் தெற்கு முனையைவிட 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அதே 11 டிகிரி வந்துவிடும். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு 18 சென்டிமீட்டர் போதும். டிஷ்ஷை அந்தக் குழாயில் பொருத்தி, அன்றைய சூரியனுக்கு ஏற்ற சாய்வை ஒருமுறை வைத்துவிட்டு, குழாயை மணிக்கு 15 டிகிரி வீதம் உருட்டினால் சூரியன் பார்வையை விட்டுப் போகாது.

நிலா கடினம். இந்த அலைநீளத்தில் அது 200 கெல்வினைச் சற்றே தாண்டும். சூரியனைப் போலவே அரை டிகிரி அகலம் என்பதால் உங்கள் டிஷ்ஷில் 3 கெல்வின் அளவுதான் தெரியும். மொத்த இரைச்சலில் நூற்றுக்கு மூன்று பங்கு. எல்.என்.பி. சூடாகும்போதும் குளிரும்போதும் அதன் பெருக்கமே அதைவிட அதிகமாக மாறிவிடுகிறது. உறைபனிக் காலத்தில் ஊட்டியில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே வெப்பநிலை நிலையாக இருக்கும் பின்னிரவில் செய்யுங்கள். எல்.என்.பி.யின் உடலை, முகத்தை விட்டுவிட்டு, தெர்மாகோலால் சுற்றுங்கள். நிலாவைத் துரத்தாமல், அது போகும் பாதையில் கொஞ்சம் முன்னால் டிஷ்ஷை நிறுத்திவிட்டு அது கடந்துபோகும்வரை பதிவு செய்யுங்கள். ஏறத்தாழ கால் மணி நேரத்தில் ஒரு சிறு மேடு வந்து போகும். 120 சென்டிமீட்டர் டிஷ் கிடைத்தால் மேடு நான்கு மடங்காகும். அழகான விஷயம் என்னவென்றால், பிறையானாலும் முழுநிலவானாலும் மேட்டின் உயரம் பெரிதாக மாறாது. நாம் பார்ப்பது எதிரொளிக்கும் வெயிலை அல்ல, நிலாவின் மண்ணுக்குச் சற்று அடியிலிருந்து வரும் அதன் சொந்த வெப்பத்தை.

இனி ஹைட்ரஜன். என் மனம் இருப்பது இதில்தான்.

விண்வெளியில் தனித்திருக்கும் ஒரு ஹைட்ரஜன் அணு, தானாகவே 1420.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு துணுக்கு ஆற்றலை வெளியிடும். ஓர் அணு அப்படிச் செய்யச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் பால்வீதியில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரியது என்பதால் அந்த அலை ஓயாமல் நம்மீது விழுகிறது. ஹாலந்தில் வான் டி ஹுல்ஸ்ட் இதை 1944-இல் கணித்துச் சொன்னார். 1951-இல் அமெரிக்காவில் ஈவனும் பர்செலும் ஒரு கொம்பு ஆன்டெனாவை ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள்.

21 சென்டிமீட்டர் அலைக்கு உங்கள் 60 சென்டிமீட்டர் டிஷ், மூன்று அலைநீளம்கூட இல்லை. வேண்டியது பெரிய கம்பிவலை டிஷ். 1990-களில் மலை ஊர்களில் கேபிள் டி.வி. நடத்தியவர்கள் எட்டடி, பத்தடி, பன்னிரண்டடி வலை டிஷ்களை மாடிகளில் நிறுத்தினார்கள். அவற்றில் பல இன்று வேலையில்லாமல் நிற்கின்றன, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. உரிமையாளரைக் கேட்டு எடுங்கள். வலை நசுங்கியிருந்தால் கவலைப்படாதீர்கள்: ஒரு சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தை 21 சென்டிமீட்டர் அலை பொருட்படுத்தாது. முத்தோரைத் தொலைநோக்கியின் பரப்பே தகடு இல்லை. நீளவாக்கில் ஓடும் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான்.

குவியம் எங்கே என்று அறிய, டிஷ்ஷின் வாய்க்குக் குறுக்கே ஒரு நூலைக் கட்டி நடு ஆழத்தை அளந்து, விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுங்கள். 240 சென்டிமீட்டர் விட்டம், 40 ஆழம் என்றால் 90 சென்டிமீட்டர். அந்த இடத்தில், டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஆன்டெனாவாக, ஒரு தகர டப்பா நிற்க வேண்டும். அதன் விட்டம் 12.4 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அலை உள்ளேயே நுழையாது, 16.2-க்கு மேலே போனால் வேண்டாத அலைவடிவங்களும் நுழையும். அளவுகோலோடு கடைக்குப் போய் 15.5-ஐ ஒட்டிய டப்பாவைத் தேடுங்கள். நீளம் 26 சென்டிமீட்டர் அளவு வேண்டும். ஒன்று போதாவிட்டால் இரண்டைச் சேர்த்து உள்ளும் புறமும் ஈயம் பற்றவைக்கலாம். மூடிய பக்கத்திலிருந்து 8.8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு துளையிட்டு, ஒரு கனெக்டரை மாட்டி, அதன் நடு முனையில் சுமார் 5 சென்டிமீட்டர் நீளச் செம்புக் கம்பியை உள்நோக்கி நிறுத்துங்கள். டப்பாவிலிருந்து வெளிவந்த உடனேயே, நீண்ட கேபிளுக்கு முன்பாக, 1420 மெகாஹெர்ட்ஸுக்கென்று வடிகட்டியோடு வரும் குறை இரைச்சல் பெருக்கி ஒன்று கட்டாயம். பிறகு கணினியில் செருகும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்ற சிறிய ரேடியோ வாங்கி வேண்டும். செலவு என்று பார்த்தால் இந்தப் பெருக்கியும் எஸ்.டி.ஆரும்தான், சில ஆயிரம் ரூபாய் ஆகும். எஸ்.டி.ஆரில் தானியங்கிப் பெருக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் தேடும் மேட்டை அதுவே சமன்செய்து அழித்துவிடும்.

சூரியனுக்கும் ஹைட்ரஜனுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. சூரியன் பார்வையில் ஒரு சிறு பொட்டு. டிஷ் பெரிதானால்தான் பலம் கூடும். ஹைட்ரஜன் வானத்தில் பட்டையாகப் பரவி, டிஷ்ஷின் பார்வையை முழுக்க நிரப்பிவிடுகிறது. எனவே சிறிய டிஷ்ஷிலும் பெரிய டிஷ்ஷிலும் பலம் ஏறத்தாழ ஒன்றுதான். டிஷ் பெரிதானால் நுணுக்கம் கூடும். எட்டடி டிஷ்ஷின் பார்வை சுமார் 6 டிகிரி. பால்வீதியின் கைகளைப் பிரித்தறிய அது போதும்.

பால்வீதியிலிருந்து விலகிய ஓர் இடத்தில் சில நிமிடங்கள் பதிவெடுத்து அதை அடிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பால்வீதிமேல் பதிவெடுத்து, முந்தையதால் வகுங்கள். 1420.4-ஐ ஒட்டி மேடு எழும்பும். அது சரியாக அந்த எண்ணில் நிற்காது. நம்மை நோக்கி வரும் வாயு மேலே தள்ளும், விலகிப் போகும் வாயு கீழே இழுக்கும். விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.74 கிலோஹெர்ட்ஸ். அன்னம் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மேடுகள் தெரியும். அருகிலிருக்கும் சுருள் கை ஒரு வேகத்திலும், தொலைவிலிருக்கும் கை வேறு வேகத்திலும் நகர்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. அதே இடத்தை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மேடுகள் இடம் மாறியிருக்கும். பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது அல்லவா, அதுவும் இந்தக் கணக்கில் விழுகிறது.

நாம் இருக்கும் இடம் இதில் நமக்குப் பெரிய வரம். பால்வீதியின் மையம் தனுசு ராசியில், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 29 டிகிரியில் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது அடிவானத்தை ஒட்டித்தான் எழும்பும். நமக்கு 50 டிகிரி உயரம்வரை ஏறுகிறது. வடக்கே இருக்கும் அன்னமும் 60 டிகிரிக்கு மேல் வருகிறது. பகலிலும் மேகத்திலும் வேலை செய்யலாம் என்பதால், எந்த மாதம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில் தலைக்குமேல் வருகிறது என்று ஸ்டெல்லேரியம் மென்பொருளில் பார்த்துக்கொண்டால் போதும். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுவதும் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று வானியலுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வீட்டிலிருக்கும் எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மலிவான சார்ஜர் ஆகியவை அதற்குள் இரைச்சலைக் கொட்டும். பதிவெடுக்கும்போது அவற்றை அணைத்துவிட்டு, பேட்டரியில் வேலை செய்யுங்கள்.

முத்தோரையோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். பரப்பளவில் அது உங்கள் வீட்டு டிஷ்ஷைப்போல் ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல். அலையும் வேறு: அது 326.5 மெகாஹெர்ட்ஸில் பார்க்கிறது. நிலா மறைக்கும்போது தொலைதூர ரேடியோ மூலங்கள் எப்படி மங்குகின்றன என்று பார்த்து அவற்றின் அளவைச் சொன்னது. சூரியக் காற்று அந்த மூலங்களின் அலையைச் சிமிட்டவைப்பதிலிருந்து சூரியப் புயல்களின் போக்கை அறிகிறது. அந்த வேலையில் உங்களால் பங்கெடுக்க முடியாது. ஆனால் சூரியன் கொந்தளிக்கும் ஒரு நாளில் அதன் ரேடியோ பலம் ஏறுவதை உங்கள் முற்றத்திலிருந்தே பதிவு செய்ய முடியும்.

மலை வீட்டுக்கே உரிய சில எச்சரிக்கைகள். பாசி படிந்த ஓட்டுக்கூரையில் ஏறி வேலை செய்யாதீர்கள். டிஷ்ஷைத் தரைக்கு இறக்குங்கள், அளவெடுக்கவும் அதுவே வசதி. கேபிள் முனையில் ஈரம் ஏறுவதுதான் இங்கே முதல் எதிரி. சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். வலை டிஷ்ஷை ஜூன், ஜூலைக் காற்றுக்கு முன்பே நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரம் எஸ்.டி.ஆருக்குள் போகாதபடி நடுவில் மின்தடுப்பு (டி.சி. பிளாக்) ஒன்று இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் இடி கேட்டவுடன் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். கம்பத்துக்குத் தனியாக எர்த் கம்பி போடாமல் பெரிய டிஷ்ஷை நிறுத்தவே வேண்டாம்.

வலை டிஷ் கிடைக்கும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே கூரை டிஷ்ஷைக் கீழே இறக்கி, ஃபைண்டரும் மூன்று கண்ணாடித் துண்டும் வாங்கிச் சூரியனில் தொடங்குங்கள். வெறும் வானம், கை, சூரியன், மறுபடி வெறும் வானம் என்ற வரிசையில் நான்கு எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் நேரமும் காற்றின் வெப்பநிலையும் இருக்கட்டும். முதலில் எடுத்த வெறும் வானமும் கடைசியில் எடுத்ததும் ஒத்துப்போனால் அன்றைய சூரிய அளவை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் எல்.என்.பி. இன்னும் சூடேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள்.